மழையில் படம் எடுங்கள், ஈரத்தோடு கேமராவைப் பூட்டாதீர்கள்

முதல்முறை மழையில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிய அன்று, கேமராவை மேலோட்டமாகத் துடைத்து, ஈரம் காயாத பையிலேயே போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சை! மழை அந்த லென்ஸை ஒன்றும் செய்யவில்லை. கெடுத்தது மூடிய பைக்குள் தங்கிய ஈரம்தான்.

படி 1: கிளம்பும் முன்

பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, காலி மெமரி கார்டைப் போட்டு, தேவையான லென்ஸை வீட்டுக்குள்ளேயே மாட்டிவிடுங்கள். மழையிலும் மணல் காற்றிலும் கேமராவின் எந்த மூடியையும் திறக்கக்கூடாது, லென்ஸும் மாற்றக்கூடாது. ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, லென்ஸ் ஹூட்டை (லென்ஸின் முன்னால் மாட்டும் வளையம்) சுற்றி ரப்பர் பேண்டால் இறுக்கினால் மழைக்கோட்டு தயார். துடைக்க இரண்டு மைக்ரோஃபைபர் துணிகள் வேண்டும். ஒன்று சீக்கிரமே நனைந்துவிடும்.

‘வெதர் சீல்டு’ என்று போட்டிருந்தால் சாரலைத் தாங்கும், அவ்வளவுதான். தண்ணீரில் முக்கலாம் என்று அர்த்தமில்லை. லென்ஸுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லையென்றால் இணைப்பு வழியாகவே ஈரம் இறங்கும்.

படி 2: மழையைப் படத்தில் தெரிய வைப்பது

கண்ணுக்குக் கொட்டுகிற மழை படத்தில் காணாமல் போவதுதான் புதியவர்களின் பெரிய ஏமாற்றம். துளிகளுக்குப் பின்னால் இருண்ட மரமோ சுவரோ இருக்கட்டும். வெளிச்சம் எதிரிலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரட்டும். அப்போது ஒவ்வொரு துளியும் மின்னும். ஷட்டர் வேகம் (ஒரு படத்துக்கு ஒளி உள்ளே விழும் நேரம்) 1/500 நொடியைவிட வேகமாகப் போனால் துளிகள் அந்தரத்தில் நிற்கும். 1/60 பக்கம் இறக்கினால் கோடுகளாக நீளும். எனக்குக் கோடுகள்தான் பிடிக்கும், அதில்தான் மழையின் வேகம் தெரிகிறது. ஆட்டோஃபோகஸ் துளிகளில் சிக்கித் தடுமாறினால் மேனுவல் ஃபோகஸுக்கு, அதாவது லென்ஸைக் கையால் திருப்பிக் குவிப்பதற்கு, மாறிவிடுங்கள். ஷட்டர் வேகம் கூடக் கூட ஐஎஸ்ஓவையும் (கேமராவின் ஒளியுணர்திறன்) ஏற்ற வேண்டியிருக்கும், ஏற்றினால் படத்தில் புள்ளிகள் விழும். பயப்படாதீர்கள், கொஞ்சம் புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை முடியாது.

படி 3: வெண்பனி, மூடுபனி

எங்கும் வெள்ளையாக இருந்தால் கேமராவின் மீட்டர் (ஒளியை அளக்கும் பகுதி) அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். படம் அழுக்காகத் தெரியும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/− அமைப்பு) வெண்பனிக்கு +1 முதல் +2 வரையும், மூடுபனிக்கு +1 வரையும் ஏற்றுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்; மாற்று பேட்டரியை உடம்போடு ஒட்டிய சட்டைப்பையில் வையுங்கள்.

படி 4: மணலும் உப்புக் காற்றும்

மணல் பட்ட லென்ஸைத் துணியால் தொடவே தொடாதீர்கள், கீறல் விழும். முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊதித் தள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். மணல் போனபின், நல்ல தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தை ஒற்றி, உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்பு தங்கினால் உலோகம் அரிக்கும்.

படி 5: திரும்பி வந்த பிறகு

குளிர்ந்த கேமரா சூடான, ஈரமான காற்றைத் தொட்டதும் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். குளிரில் இருக்கும்போதே காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடுங்கள். சூடான இடத்துக்கு வந்தபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்துத் திறந்தால், நீர் பையின் வெளியேதான் கோத்திருக்கும். ஏசி அறையிலிருந்து வெயிலுக்குப் போகும்போதும் இதேதான்.

கேமராவுக்குள் தண்ணீர் போய்விட்டதா? உடனே ஆஃப் செய்து பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிடுங்கள். வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்ப்பதுதான் பல கேமராக்களைக் கொல்கிறது. ஹேர் டிரையர் சூடும் வேண்டாம். நேராக சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

நனையாவிட்டாலும் கேமராவைப் பையிலிருந்து எடுத்து ஓர் இரவு காற்றாட விடுங்கள். பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட, இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி இருக்கட்டும். அது 40 முதல் 50 சதவீதம் காட்டினால் நல்லது; 60ஐத் தாண்டவிடாதீர்கள்.

மாதம் ஒருமுறை லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மெல்லிய இழை தெரிந்தால் அன்றே சுத்தம் செய்யக் கொடுங்கள். பூஞ்சை வெளியிடும் அமிலம் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். என் லென்ஸைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். ஆனாலும் வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும் படங்களில் ஒரு மங்கல் இன்னும் இருக்கிறது.