கச்சேரித் திடலில் புகை இல்லாமல் பார்த்துக்கொள்ள: ஒரு பாடகியின் வழிமுறை

அட்வான்ஸ் கை மாறும்போதே இதைப் பேசி முடித்துவிடுங்கள். மேடை எத்தனை அடி, ஜெனரேட்டர் யார் பொறுப்பு, சாப்பாடு எத்தனை பேருக்கு என்று கேட்கிறோம் இல்லையா? அதோடு சேர்த்து, "திடலுக்குள்ள யாரும் தம் அடிக்காம யார் பாத்துப்பாங்க?" என்றும் கேட்டுவிடுங்கள். ஒரு ஆள் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். "எல்லாரும் பாத்துப்போம்க்கா" என்று பதில் வந்தால், யாரும் பார்க்கப்போவதில்லை.

நான் கடலூரில் மெல்லிசைக் குழு நடத்துகிறேன், பாடுவதும் நான்தான். மஞ்சக்குப்பம், தேவனாம்பட்டினம் கடற்கரை, திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபங்கள், சனி ஞாயிறானால் புதுச்சேரி ஓட்டல்கள் என்று எங்கள் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஊருக்கு ஊர் கூட்டம் மாறும். புகை விஷயத்தில் நான் பின்பற்றும் வழி மட்டும் மாறுவதில்லை.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவர் விடுவது சாதாரண மூச்சு. மேல் ஸ்தாயியில் ஒரு வரியை இழுத்துப் பாடுகிறவர் அடிவயிறு வரைக்கும் காற்றை இழுக்க வேண்டும். கோயில் விழா என்றால் எங்களுக்கு முன்னால் நாதஸ்வரம் நடக்கும். அவர்கள் பாடு இன்னும் மோசம். புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன, அவற்றில் 70 அளவுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை. அடுத்தவர் விடும் புகையில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்கிற அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன் வரிசையில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் இதே கணக்குதான்.

நம்பாதவர்களிடம் ஒரு மைக்கைக் கழற்றிக் காட்டுங்கள். மேலே இருக்கும் வலைமூடியைத் திருகி எடுத்தால் உள்ளே மெல்லிய ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். புகை மண்டிய பார்களிலேயே ஓடிய வாடகை மைக் என்றால் அந்த ஸ்பாஞ்சு பழுப்பேறி, பழைய பீடிக் கட்டின் வாடை அடிக்கும். பாடுகிறவர் உதடு அதிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்துத்தான் நான் மாட்டுவேன். விழாக் கமிட்டித் தலைவர் ஒருவரிடம் இதை முகர்ந்து பார்க்கக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாக முடிந்தது.

கமிட்டியிடம் சொல்ல வேண்டிய சட்டம்

"இது ஓப்பன் கிரவுண்டுதானே, சட்டம் இங்க வராதே" என்பார்கள். வரும். 2001 நவம்பரிலேயே அரங்கங்களில் புகைக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2003-ல் வந்த புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் 4-ஆம் பிரிவு பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. மத்திய அரசின் சட்டம், ஆகவே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றுதான். 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கும் விதிகள், திறந்தவெளி அரங்கம், ஸ்டேடியம், பஸ் ஸ்டாண்டு போல மக்கள் வந்துபோகும் இடங்களைத் 'திறந்தவெளி' என்று சொல்லித் தள்ளிவிட முடியாதபடி எழுதப்பட்டிருக்கின்றன. மேடை கட்டி, நாற்காலி போட்டு, ஊரைக் கூப்பிட்ட திடலும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

புகைத்தவருக்கு அபராதம் 200 ரூபாய் வரை. இதைச் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். அடுத்ததைச் சொல்லுங்கள்: புகார் வந்தும் பொறுப்பாளர் கண்டுகொள்ளாமல் விட்டால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை அபராதமும் அவர் தலையில் விழும். யார் அந்தப் பொறுப்பாளர் என்று பெயரையும் எழுதி மாட்ட வேண்டும். பெயர் எழுதும் கட்டம் வந்தவுடன் கமிட்டி நிமிர்ந்து உட்காரும்.

பலகைக்கும் அளவு இருக்கிறது. குறைந்தது 60 செ.மீ.-க்கு 30 செ.மீ., வெள்ளைப் பின்னணி, 15 செ.மீ. குறையாத வட்டம், அதற்கு 3 செ.மீ. சிவப்பு விளிம்பு, நடுவில் சிகரெட் அல்லது பீடியின் மேல் சிவப்புப் பட்டை. 'புகை பிடிக்கக் கூடாத இடம், இங்கே புகை பிடிப்பது குற்றம்' என்று தமிழில் போட்டாலே போதும். விழா பேனர் அடிக்கும் பிளெக்ஸ் கடையிலேயே அதோடு சேர்த்து அடித்துவிடலாம். ஒவ்வொரு வாசலிலும் ஒன்று வேண்டும். மண்டபம் என்றால் மாடிக்கு மாடி, படிக்கட்டிலும் வேண்டும். டியூப் லைட்டுக்குக் கீழே மாட்டுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு இருட்டில் தொங்கும் பலகையை யார் படிப்பார்கள்?

வி.ஐ.பி. சோபாவுக்கு முன்னால் டீப்பாயில் ஆஷ் டிரே வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. எடுத்துவிடுங்கள், அது விதிமீறல். சிகரெட் கம்பெனி விளம்பரதாரராக வருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள், அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

வெளியே விட்டால்தான் உள்ளே அடிக்க மாட்டார்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் நிகழ்ச்சிகளில் 'வெளியே போனால் திரும்ப விட மாட்டோம்' என்று கேட்டில் ஆள் நிற்கிறார். மூன்று மணி நேரக் கச்சேரி. தினம் ஒரு பாக்கெட் அடிப்பவர் என்ன செய்வார்? பாத்ரூமில் பற்றவைப்பார், இல்லை மண்டபத்துப் பின்படிக்கட்டில் நிற்பார். அங்கே புகை தேங்கும். பாத்ரூமுக்கு வரும் பெண்களும் பிள்ளைகளும் அதற்குள்தான் போய் வர வேண்டும். நாமே உள்ளே அடைத்து வைத்துவிட்டு உள்ளே புகைக்காதே என்றால் எப்படி?

கையில் ஒரு முத்திரை குத்தி வெளியே அனுப்புங்கள், அல்லது காகிதப் பட்டை கட்டுங்கள். போய்விட்டுத் தாராளமாகத் திரும்பி வரலாம் என்று அறிவியுங்கள். செலவு ஒன்றும் இல்லை, கேட்டில் கூடுதலாக ஒரு தம்பி வேண்டும், அவ்வளவுதான்.

திடலுக்குள்ளேயே ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. புகைக்கத் தனி இடம் வைத்துக்கொள்ளும் சலுகையைச் சட்டம் 30 அறை உள்ள ஓட்டல், 30 பேர் உட்காரும் உணவகம், விமான நிலையம் ஆகியவற்றுக்குத்தான் தந்திருக்கிறது. ஆகவே கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். எந்தப் பக்கத்துக் கேட் என்பதையும் யோசியுங்கள். தேவனாம்பட்டினத்தில் சாயங்காலக் காற்று கடலிலிருந்து ஊரைப் பார்த்து அடிக்கும். கிழக்கே நின்று ஒருவர் ஊதினால் கூட்டம் முழுக்க வாங்கிக்கொள்ளும். மேற்கு வாசல் வழியாக அனுப்புங்கள். அங்கே பாதி மணல் போட்ட பெயிண்ட் டப்பா ஒன்றை வையுங்கள், துண்டை அணைக்க.

மேடைக்குப் பின்னால்

கூட்டத்தைத் திருத்தும் முன்பு நம் ஆட்களைப் பாருங்கள். எங்கள் தொழிலில் புகை அதிகம் கிளம்புவது மேடைக்குப் பின்னால்தான்: லைட் கட்டுகிறவர்கள், டிரைவர்கள், ஜெனரேட்டர் பக்கம் நிற்பவர்கள். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் டீசல் கேன், தலைக்கு மேலே பந்தல் துணி. தீயை நினைத்தாலே போதும். மேடையிலிருந்து அறிவிப்பு வரும் நேரத்தில் மேடைக்குப் பின்னாலிருந்தே புகை எழுந்தால் அறிவிப்புக்கு மரியாதை ஏது?

எங்கள் குழுவில் புகைப்பவர்கள் இருக்கிறார்கள், நல்ல கலைஞர்கள். அவர்களை நான் அவமானப்படுத்துவதில்லை. எந்தெந்தப் பாட்டுக்கு யாருக்கு வேலை இல்லை என்று லிஸ்ட் போடும்போதே பார்த்து, அவர்களுக்கு வெளியே போய்வர நேரம் விட்டுவிடுவேன். விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் கொடுக்கிறேன், சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் எண்தான்.

அறிவிப்பும் பேச்சும்

அறிவிப்பை ஆரம்பத்தில் செய்யாதீர்கள், அப்போது பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். இரண்டாவது பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும்போது பாடகரே சொல்லட்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: "இன்னும் பத்துப் பாட்டு உங்களுக்காகப் பாடணும், என் தொண்டை ஒத்துழைக்கணும். தயவுசெஞ்சு யாரும் உள்ள புகைக்காதீங்க. வேணும்னா மேற்கு கேட் வழியா போயிட்டு வாங்க, திரும்ப விடுவாங்க." சட்டத்தை மேடையில் நான் எடுப்பதில்லை, அதற்குப் பலகை இருக்கிறது.

மீறிப் பற்றவைப்பவரிடம் போகிறவர் வயதுக்கேற்ற ஆளாக இருக்கட்டும். பெரியவரிடம் சின்னப் பையனை அனுப்பினால் அவர் வேண்டுமென்றே அடுத்ததையும் பற்றவைப்பார். பக்கத்தில் போய்க் குனிந்து, நாலு பேர் காதில் விழாமல், "ஐயா, பாடுறவங்களுக்குத் தொண்டை கட்டுதாம், வாங்க நான் கேட் வரைக்கும் கூட வரேன்" என்றால் பெரும்பாலும் எழுந்து வந்துவிடுவார்கள். இளைஞர் கும்பல் என்றால் நடுவில் இருப்பவரை விட்டு ஓரத்தில் இருப்பவரிடம் பேசுங்கள்: "தம்பி, உன் ஃப்ரெண்டைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போப்பா." குடித்திருப்பவரிடம் வாதமே வேண்டாம், பந்தோபஸ்துக்கு வந்த போலீஸிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

"இது சிகரெட் இல்ல, வெறும் ஆவி" என்று மின்சிகரெட்டைக் காட்டுபவர்கள் புதுச்சேரியில் உண்டு. அதன் இறக்குமதியையும் விற்பனையையும் 2019-லேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். அவரும் கேட்டுக்கு வெளியேதான்.

புதுச்சேரி பார், ரூஃப்டாப் நிகழ்ச்சிகள்

ஒப்புக்கொள்ளும் முன்பு இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். 'ஸ்மோக்கிங் ஏரியா' என்று நான்கு டேபிளைத் தள்ளிப் போட்டிருப்பார்கள். அது செல்லாது. நான்கு பக்கமும் கூரை வரை சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, புகையை நேராக வெளியே தள்ளும் தனி வசதி, இத்தனையும் இருக்க வேண்டும். அதற்குள் சாப்பாடோ மதுவோ பரிமாறவும் கூடாது. பார், பப், டிஸ்கோ, விருந்து அரங்கம் எல்லாமே விதிகளின்படி 'உணவகம்', சுற்றியுள்ள திறந்த இடமும் சேர்த்தி. ஆகவே மொட்டை மாடி என்பது சாக்கு ஆகாது.

வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளி சொன்னால், அயர்லாந்து 2004-லேயே பப்புக்குள் புகையை நிறுத்தியதையும், இங்கே எல்லோரும் பெருமையாகப் பேசும் பிரான்சிலேயே 2008 ஜனவரி முதல் பாருக்குள்ளும் கஃபேக்குள்ளும் புகைக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். ஜூன் 21-ல் அந்த நாட்டு இசை விழாவைக் கொண்டாடுகிற ஊர் இது, அதையும் சேர்த்துக் கொண்டாடட்டும். கேட்கவில்லை என்றால், மேடை இருக்கும் பகுதியில் யாரும் புகைத்தால் பாட்டை நிறுத்துவோம், பேசிய தொகை குறையாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அதற்கும் ஒப்பவில்லை என்றால் அந்த இடத்தை நான் விட்டுவிடுகிறேன். காசு இன்னொரு மேடையில் வரும்.

முடிந்த பிறகு

ராத்திரி பத்து மணிக்கு மைக் அணைந்ததும் எல்லோரும் வண்டி ஏற்றும் அவசரத்தில் இருப்பார்கள். ஒருவரை மட்டும் டார்ச்சோடு திடலைச் சுற்றி வரச் சொல்லுங்கள். சிகரெட்டின் பின்முனையில் இருப்பது பஞ்சு மாதிரித் தெரிந்தாலும் அது ஒரு வகை பிளாஸ்டிக், கடற்கரை மணலில் விட்டால் அலை எடுத்துக்கொண்டு போகும். பொறுக்கும்போதே எங்கே அதிகம் கிடக்கிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெண்கள் கழிப்பறைப் பின்பக்கமா, சவுண்டு கன்சோல் பக்கமா, ஜெனரேட்டர் மறைவா என்று தெரிந்துவிடும். பாக்கிப் பணம் வாங்கும்போது கமிட்டியிடம் அந்த இடத்தைச் சொல்லி, அடுத்த வருஷம் அங்கே ஒரு ஆளையும் ஒரு விளக்கையும் போடச் சொல்லுங்கள்.