ஐஸ் போடாம கெட்டியா, க்ரீமியா பழ ஷேக்: வீட்டு மிக்ஸியே போதும்

வீட்ல மில்க் ஷேக் போட்டா ஏன் தண்ணியா வருது, மேல நுரை நின்னுட்டு கீழ பால் தனியா பிரிஞ்சு போகுதேன்னு நிறைய பேர் கேக்கறாங்க. பெரும்பாலும் காரணம் ஐஸ் கட்டிதான். ஐஸ்ங்கறது வெறும் தண்ணி, மிக்ஸில சுத்தும்போதே உருக ஆரம்பிச்சிடும், டம்ளர்ல ஊத்தி நாலு வாய் குடிக்கறதுக்குள்ள பாதி கரைஞ்சு பழத்தோட ருசியையும் சேத்து நீர்த்துப் போக வச்சிடும். அதனால தண்ணிய உறைய வைக்காதீங்க, பழத்தை உறைய வைங்க. குளிர்ச்சியும் கெட்டியும் ரெண்டுமே அதுலயே வந்துடும், க்ரீமோ ஐஸ்க்ரீமோ சேக்கணும்னு அவசியமே இல்ல.

பழம் ஏன் ஐஸ் மாதிரி இல்லன்னா, அதுல சர்க்கரை இருக்கு, பெக்டின்ங்கற பசை மாதிரி பொருள் இருக்கு, நார்ச்சத்து இருக்கு. சர்க்கரை இருக்கறதால அது கல்லு மாதிரி முழுசா உறையாது, அரைக்கும்போது மசிஞ்சு குடுக்கும். பெக்டினும் நாரும் தண்ணிய பிடிச்சு வச்சுக்கறதால குடிக்கறப்போ வழவழன்னு இருக்கும். இதுல வாழைப்பழத்தை அடிச்சுக்க ஆளே இல்ல. உறைஞ்ச வாழைப்பழத்தை மட்டும் தனியா ஒரு சொட்டு பால் விட்டு அரைச்சாக்கூட ஐஸ்க்ரீம் மாதிரி வந்து நிக்கும், நம்பிக்கை இல்லன்னா ஒரு தடவை செஞ்சு பாருங்க.

உறைய வைக்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க, அதனால இத கொஞ்சம் விவரமா சொல்லிடறேன். வாழைப்பழம் நல்லா பழுத்து தோல்ல கறுப்பு புள்ளி விழுந்திருக்கணும், அப்பதான் உள்ள இருக்கற மாவுச்சத்து பெரும்பாலும் சர்க்கரையா மாறியிருக்கும், காய்ப்பக்குவத்துல இருந்தா ஷேக்ல ஒரு துவர்ப்பு அடிக்கும். தோலை உரிச்சிட்டுத்தான் ஃப்ரீசர்ல வைக்கணும், தோலோட வச்சீங்கன்னா அது கறுத்துப் போய் பழத்தோட ஒட்டிக்கும், அப்புறம் கத்தி வச்சு சீவணும். ஒரு விரல் அகலத்துக்கு வில்லை வில்லையா வெட்டி, தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பி ரெண்டு மூணு மணி நேரம் ஃப்ரீசர்ல விடுங்க. நல்லா இறுகினதும் எடுத்து மூடி போட்ட டப்பாவுலயோ ஜிப் கவர்லயோ கொட்டி வச்சுக்கலாம், வேணுங்கறப்போ ஒரு கை அள்ளிப் போட்டா போதும். தட்டுல பரப்பாம நேரா கவர்ல அடைச்சு வச்சா எல்லாம் ஒரே பாறையா ஒட்டிக்கிட்டு நிக்கும், அத அப்படியே மிக்ஸில போட்டா பிளேடுக்கும் மோட்டாருக்கும்தான் கேடு.

மாம்பழத்தையும் இதே மாதிரி துண்டு போட்டு வைக்கலாம், ஆனா நார் அதிகமா இருக்கற மாம்பழம்னா வேற வழி. கூழா அரைச்சு வடிகட்டில கரண்டியால தேச்சு எடுத்து, அந்தக் கூழை ஐஸ் ட்ரேல ஊத்தி உறைய வைங்க. குடிக்கும்போது பல்லு இடுக்குல நார் மாட்டாது, மாம்பழம் கிடைக்காத மாசத்துலயும் கைவசம் இருக்கும். ஸ்ட்ராபெர்ரிய கழுவி ஈரத்தை நல்லா ஒத்தி எடுத்துட்டு காம்பைக் கிள்ளிட்டு வைக்கணும், ஈரத்தோட வச்சா மேல பனி படிஞ்சு அது கடைசில தண்ணியாதான் ஷேக்குக்குள்ள போகும். எந்தப் பழமா இருந்தாலும் ரெண்டு மூணு மாசத்துக்குள்ள தீத்துடுங்க, அதுக்கு மேல கெட்டுப் போகலன்னாலும் மணம் போயிடும். தர்பூசணி, ஆரஞ்சு இதெல்லாம் க்ரீமியா வராது, தர்பூசணில தொண்ணூறு சதவீதத்துக்கு மேல தண்ணிதான், அதுங்கள ஜூஸாவே குடிச்சுடலாம்.

இப்ப அளவு. ரெண்டு டம்ளருக்கு உறைஞ்ச பழத்துண்டு 2 கப், பால் 1 கப். ஸ்பூன்ல எடுத்துச் சாப்பிடற அளவுக்கு கெட்டியா வேணும்னா பாலை முக்கால் கப்பா குறைச்சுக்கங்க, ஸ்ட்ரால உறிஞ்சற மாதிரி வேணும்னா ஒன்றரை கப் வரைக்கும் போகலாம். எதுவா இருந்தாலும் முதல்ல கம்மியா ஊத்துங்க, பால் பத்தலன்னா சேத்துக்கலாம், ஊத்தினதை திரும்ப எடுக்க முடியாது. பால் காய்ச்சி ஆறவச்சு ஃப்ரிட்ஜ்ல நல்லா குளிர்ந்ததா இருக்கணும், வெதுவெதுன்னு இருந்தா உறைஞ்ச பழம் அதுலயே உருகி நம்ம பண்ண வேலை எல்லாம் வீணாயிடும். கொழுப்பு எடுக்காத பாலா இருந்தா இன்னும் நல்லது, வாயில அந்த வழுவழுப்பு நிக்கறதுக்குக் காரணமே கொழுப்புதான்.

ஜார்ல போடற வரிசையும் முக்கியம். முதல்ல பால் இல்லன்னா தயிர், அதுக்கு மேல ஊறவச்ச பேரீச்சை மாதிரி மெத்துன்னு இருக்கறது, உறைஞ்ச பழம் எல்லாத்துக்கும் மேல. ஜார் அடியில கத்தி சுத்தற அமைப்புக்கு அமெரிக்காவுல ஸ்டீஃபன் போப்லாவ்ஸ்கிங்கறவர் 1920-கள்ல காப்புரிமை வாங்கினாரு, அதுவே சோடா கடைங்கள்ல பால் பானம் கலக்கறதுக்காக செஞ்சதுதான். அடியில கத்தியைச் சுத்தி திரவம் இருந்தாத்தான் ஒரு சுழல் உண்டாகி மேல இருக்கறத கீழ இழுக்கும், திரவம் மேல பழம் கீழன்னு இருந்தா கத்தி ரெண்டு துண்டை சிதைச்சிட்டு அப்புறம் வெறும் காத்துலதான் சுத்திட்டு இருக்கும்.

முதல்ல மிக்ஸிய விட்டு விட்டு அஞ்சாறு தடவை திருப்புங்க, கடகடன்னு சத்தம் வரும், துண்டுங்க உடைஞ்சதும் அந்தச் சத்தம் அடங்கி தாழ்ந்த குரல்ல ஒரே சீரா மாறிடும். அப்பதான் வேகத்தைக் கூட்டி ஒரு அரை நிமிஷம் ஓட விடணும். கண்ணாடி மூடியா இருந்தா எட்டிப் பாருங்க, நடுவுல ஒரு குழி விழுந்து சுத்தி இருக்கறது அதுக்குள்ள மடிஞ்சு மடிஞ்சு இறங்கும், அந்த மடிப்பு பளபளன்னு தெரிஞ்சா பதம் வந்தாச்சு. மோட்டார் சத்தம் திடீர்னு லேசாகி கீச்சுனு கேட்டா அடியில காத்து அடைச்சிருக்குன்னு அர்த்தம், உடனே நிறுத்தி, ப்ளக்கைக் கழட்டிட்டு, கரண்டியால ஓரத்தை வழிச்சு விட்டு, ரெண்டு ஸ்பூன் பால் ஊத்தி மறுபடி ஓட்டுங்க. மிக்ஸி சின்னதா, பழசா இருந்தா பழத்தை ஃப்ரீசர்ல இருந்து எடுத்து அஞ்சு நிமிஷம் வெளிய வச்சுட்டு அப்புறம் போடுங்க, விளிம்பு கொஞ்சம் இளகினாலே போதும், மோட்டாரும் சூடாகாது. ரொம்ப நேரம் ஓட்டவும் கூடாது, கத்தி உரசற சூட்டுலயே உருகிடும்.

பால் திரிஞ்சு போற விஷயத்துக்கு வருவோம், ஏன்னா பழத்தையும் பாலையும் சேத்தா வர்ற பிரச்சினைல பாதி இதுதான். பாலோட பிஹெச், அதாவது புளிப்பைக் காட்டற எண் (குறையக் குறைய புளிப்பு ஜாஸ்தி), 6.7 சொச்சம், அது 4.6 பக்கம் இறங்கினா பால்ல இருக்கற கேசீன்ங்கற புரதம் ஒண்ணோட ஒண்ணு சேந்து திரிதிரியா பிரிஞ்சிடும். புளிப்பான ஆரஞ்சு, எலுமிச்சை, புளிப்பு திராட்சை எல்லாம் பாலோட சேரும்போது நடக்கறது இதேதான். தயிர் ஏற்கனவே புளிச்சு உறைஞ்சதுங்கறதால அதுல இந்தப் பிரச்சினை வராது, அதனால புளிப்பு பழம்னா கண்ணை மூடிக்கிட்டு தயிர் பக்கம் போயிடுங்க. தயிர் தண்ணியா இருந்தா ஒரு வெள்ளைத் துணில கட்டி அரை மணி நேரம் தொங்க விட்டாப் போதும், கெட்டியாயிடும்.

அன்னாசி, பப்பாளி, கிவி மூணும் வேற ரகம். இதுங்கள்ல புரதத்தை உடைக்கற நொதி இருக்கு, அன்னாசில ப்ரோமலைன், பப்பாளில பப்பைன், கிவில ஆக்டினிடின். பாலோடயோ தயிரோடயோ அரைச்சு வச்ச கொஞ்ச நேரத்துல ஒரு கசப்பு ஏற ஆரம்பிக்கறது இதனாலதான், பழம் கெட்டதுன்னு நினைச்சு கொட்டிடாதீங்க. உறைய வச்சா நொதி போயிடும்னு சிலர் நினைக்கறாங்க, போகாது, குளிர்ல சும்மா தூங்கும் அவ்வளவுதான். சூட்டுலதான் அது செயலிழக்கும். அதனால அன்னாசிய பொடியா நறுக்கி ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு, துண்டு நடுவுல வரைக்கும் சூடு ஏறி நல்லா கொதிக்கற மாதிரி ஒரு அஞ்சு நிமிஷம் வேக விட்டு, ஆறினதும் உறைய வச்சுக்கங்க. சூடா இருக்கும்போதே மிக்ஸில போட்டு மூடிடாதீங்க, ஆவி மூடியைத் தள்ளி மேல தெறிக்கும். டின்ல வர்ற அன்னாசி ஏற்கனவே சூடு காட்டினதுதான், அப்படியே போடலாம். இல்லன்னா அன்னாசிக்கு பாலை விட்டுட்டு கெட்டித் தேங்காய்ப்பால் ஊத்துங்க, புரதம் கம்மி கொழுப்பு ஜாஸ்தி, எனக்கு கேட்டா பாலை விட இந்த ஜோடிதான் பொருத்தம். பப்பாளி நல்லா கனிஞ்சதுல அந்த நொதி காயை விட குறைவு, இருந்தாலும் அரைச்ச உடனே குடிச்சிடறது நல்லது.

பால் சாப்பிடாதவங்களுக்கு முந்திரி இருக்கு. ஒரு பத்து பன்னெண்டு முந்திரிய சுடுதண்ணில அரை மணி நேரம் ஊறவச்சு, கால் கப் தண்ணி விட்டு முதல்ல தனியா மைய அரைச்சுக்கணும், விரல்ல தொட்டுப் பாத்தா நறநறன்னு இருக்கக் கூடாது. அதுக்கு மேல முக்கால் கப் தண்ணியும் பழமும் போட்டு அரைங்க. மொத்தமா ஒண்ணா போட்டா முந்திரி அரைபடாம தங்கிடும்.

இனிப்பை எப்பவும் குளிர்ந்த நிலையில ருசி பாத்துதான் முடிவு பண்ணணும், குளிர்ச்சி நாக்குல இனிப்பைக் குறைச்சுக் காட்டும். உறையறதுக்கு முன்னாடி தேனா இனிச்ச பழம் ஷேக்ல சுமாரா தெரியறது அதனாலதான். ஆனா அதுக்காக உடனே சர்க்கரைய அள்ளிக் கொட்டாதீங்க, முதல்ல ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்க, பல நேரம் அதுவே போதுமானதா இருக்கும். அப்பவும் பத்தலன்னா கொட்டை எடுத்த பேரீச்சை நாலு, வெந்நீர்ல ஊறவச்சது, ஊறின தண்ணியோடயே. தேன்னா வெதுவெதுப்பான தண்ணி ரெண்டு ஸ்பூன்ல கரைச்சு ஊத்துங்க, நேரா விட்டா குளிர்ல இறுகி ஜார் ஓரத்துல ஒட்டிக்கும். ஒரு வயசு நிறையாத குழந்தைக்கு தேன் எந்த வடிவத்துலயும் குடுக்கவே கூடாது, இதுல விளையாடாதீங்க.

சேர்க்கைன்னு பாத்தா வாழைப்பழம், பேரீச்சை, பால் மூணும் சேந்தா சர்க்கரையே வேண்டாம், காலைல வயித்துக்கு நிறைவா இருக்கும். மாம்பழத்துக்கு பாலை விட தயிர் எடுப்பா இருக்கும், மாம்பழம் 2 கப், கெட்டித் தயிர் முக்கால் கப், பால் கால் கப், ஒரு சிட்டிகை உப்பு, கடைசில அரை ஸ்பூன் எலுமிச்சை சாறு. அந்த எலுமிச்சைய விட்டுடாதீங்க, தித்திப்பா மந்தமா இருக்கற மாம்பழ ருசிய அதுதான் தட்டி எழுப்பி விடும். ஸ்ட்ராபெர்ரி தனியா போட்டா கொஞ்சம் மெலிசாதான் வரும், பாதி வாழைப்பழம் சேத்தா கெட்டியாகும். ஆனா பெர்ரில இருக்கற ஃபிளவனால்ங்கற சத்துக்காகவே குடிக்கறவங்க வாழைப்பழத்தை தவிர்த்துட்டு கெட்டித் தயிரை கூட்டிக்கங்க, வாழைப்பழத்துல இருக்கற ஒரு நொதியால அந்தச் சத்து உடம்புல சேர்றது வெகுவா குறையுதுன்னு 2023-ல வெளியான ஒரு ஆய்வு சொல்லுது.

மிக்ஸி இல்லாதவங்களும் கவலைப்பட வேண்டாம். நல்லா கனிஞ்ச அவகாடோ ஒண்ணை முள் கரண்டியால மசிச்சு, வடிகட்டில ஒரு தேய் தேச்சு, கண்டென்ஸ்டு மில்க் ரெண்டு ஸ்பூன் போட்டு குழைச்சுக்கங்க. அப்புறம் குளிர்ந்த பாலை ஒரு ஸ்பூன், ரெண்டு ஸ்பூன்னு கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி கலக்கிட்டே வரணும், மொத்தமா ஊத்தினா கட்டி தட்டி மேல மிதக்கும், அப்புறம் என்ன அடிச்சாலும் கரையாது. அவகாடோல கொழுப்பே பதினஞ்சு சதவீதம் பக்கம் இருக்கறதால அரைக்காமலே வெண்ணெய் மாதிரி குழையும். மாம்பழக்கூழும் தயிரும்னா மூடி போட்ட பாட்டில்ல ஊத்தி ஒரு நிமிஷம் நல்லா குலுக்கினாலே போதும், பாட்டில்ல கால்வாசி இடம் காலியா இருக்கட்டும், இல்லன்னா உள்ள எதுவும் கலங்காது.

செஞ்ச உடனே குடிக்கறதுதான் சரி. மிஞ்சினா வாய் வரைக்கும் நிரப்பின மூடி டம்ளர்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க, உள்ள காத்து இல்லன்னா வாழைப்பழமும் அவகாடோவும் சீக்கிரம் கறுக்காது, ஆனா மறுநாளைக்கு மேல வைக்காதீங்க, வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்த பால் பானத்தை யோசிக்காம கொட்டிடுங்க. இன்னும் நல்ல வழி, மிஞ்சினதை ஐஸ் ட்ரேல ஊத்தி உறைய வச்சு, அடுத்த தடவை பழத்தோட சேத்து அரைச்சுக்கறது. ஜாரை மட்டும் அப்படியே போட்டு வைக்காதீங்க, வெந்நீரும் ஒரு சொட்டு சோப்பும் ஊத்தி இருபது விநாடி ஓட்டிக் கழுவிட்டு, கழட்டற மாதிரி பிளேடா இருந்தா அடியில இருக்கற ரப்பர் வாஷரையும் எடுத்துத் தேய்ங்க, பாலும் பழமும் அங்கதான் தங்கி வாடை பிடிக்கும்.