பங்கோர் கடலில் பிள்ளைகளின் ஸ்நோர்க்கல் கண்ணாடி ஒழுகாமலிருக்க

சுங்கை சிப்புட்டிலிருந்து பள்ளி விடுமுறைக்குப் பங்கோர் தீவுக்குப் போகிறீர்களா? லுமுட்டில் ஃபெர்ரி ஏறும்வரை காத்திருக்காமல், கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் பிள்ளைகளின் ஸ்நோர்க்கல் கண்ணாடியை வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சிழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தும் ஒட்டியிருந்தால் அளவு சரி. தண்ணீர் புகுந்தால் முதலில் விளிம்புக்கடியில் நெற்றி முடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். நாலு முடி போதும், ஒழுகிவிடும். வாரை இறுக்காதீர்கள், விளிம்பு மடங்கி இன்னும் மோசமாகும். ஆவி படியாமலிருக்க உள்பக்கம் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு தேய்த்து, லேசாக அலசுங்கள்.

தெலுக் நிப்பா கடற்கரையில் முதல் 10 நிமிடம் இடுப்பளவு நீரில் நின்றபடியே குனிந்து, ஸ்நோர்க்கல் குழாய் வழியே வாயால் மூச்சுவிடப் பழகட்டும். தோட்டத்து ஆற்றில் நீந்திப் பழகிய பிள்ளையானாலும் மிதவைச் சட்டை கட்டாயம். கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும், போன் பையிலேயே இருக்கட்டும். குப்புற மிதக்கும்போது வெயில் முதுகைத்தான் சுடும். முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள்.