புதுப்பிக்கத்தக்க எரிவாயுவுக்கான கொள்கையை வகுப்பது எப்படி?

புதுப்பிக்கத்தக்க எரிவாயு என்பது சாணம், உணவுக்கழிவு போன்றவற்றை நொதிக்கவைத்துப் பெறும் எரிவாயு. இந்த மூலப்பொருள்கள் அளவோடுதான் கிடைக்கும் என்பதால், மின்சாரத்துக்கு எளிதில் மாற முடியாத உயர்வெப்பத் தொழிற்சாலைகளுக்கே முதலில் இந்த எரிவாயுவை ஒதுக்குங்கள். சாண எரிவாயுவில் பொதுவாக 50 முதல் 70 விழுக்காடு வரைதான் எரியக்கூடிய மீத்தேன் வாயு இருக்கும். கரியமில வாயுவையும் ஹைட்ரஜன் சல்பைடையும் பிரித்தெடுத்த பிறகே அதை எரிவாயுக் குழாயில் செலுத்த முடியும் என்பதால், அந்தச் சுத்திகரிப்புச் செலவை ஈடுகட்டும் கொள்முதல் விலையை நீண்டகால ஒப்பந்தத்தால் உறுதிசெய்யுங்கள். விநியோக நிறுவனங்கள் தாங்கள் விற்கும் எரிவாயுவில் இதைக் குறிப்பிட்ட பங்கு கலந்தே விற்க வேண்டும் என்று கட்டாயமாக்கவும் செய்யலாம். ஆனால் அப்போது செலவு நுகர்வோரின் தலையில் விழும் என்பதை மறைக்கக்கூடாது. எந்த வழியானாலும், கசிவுக் கண்காணிப்பை உதவித்தொகைக்கு நிபந்தனையாக்குங்கள்: நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டுவதால், நொதித்தபின் எஞ்சும் கசடைத் தேக்கும் ஒரு தொட்டியை மூடாமல் விட்டால்கூட, அதிலிருந்து கசியும் மீத்தேன் ஆலையால் கிடைக்கும் நன்மையை அரித்துவிடும்.