ஓபி மேசையில் முதல் வாரம்: பெயர் பதிவிலிருந்து ரத்த மாதிரிக் குழாய் வரை

மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குச் சேர்ந்தால் பெரும்பாலும் முதலில் ஓபி (வெளிநோயாளிப் பிரிவு) மேசையில்தான் உட்கார வைப்பார்கள். சீட்டு எழுதுற வேலைதானே என்று தோன்றும். ஆனால் டாக்டர், லேப், மருந்தகம், இன்ஷூரன்ஸ் மேசை என நாலு இடத்திலும் நம்பி வேலை செய்வது அந்தச் சீட்டின் முதல் வரியைத்தான். அது பிசகினால் மேலூர் பாண்டியம்மாளின் சர்க்கரை ரிப்போர்ட் உசிலம்பட்டி பாண்டியம்மாளின் ஃபைலில் போய் உட்காரும்.

படி 1: சீட்டுக்கு முன்னால் ஆளைப் பாருங்கள்

வரிசையில் நிற்பவர்களை ஒரு தடவை கண்ணோட்டம் விடுங்கள். சிலருக்கு டோக்கன் போடவே கூடாது, நேராக அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். மூச்சு முட்டுகிறவர், வலிப்பு வந்த குழந்தை, ரத்தப்போக்கு உள்ள கர்ப்பிணி, பாம்பு கடித்தவர், பூச்சிமருந்து குடித்தவர். மருந்து பாட்டிலோ அதன் லேபிளோ கையில் இருந்தால் அதையும் கூடவே அனுப்புங்கள்.

நம்ம பக்கத்தில் யாரும் ‘நெஞ்சு வலி’ என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். “வாய்வு புடிச்சிருச்சு தம்பி, ஒரு மாத்திரை குடுங்க” என்பார்கள். வேர்த்துக் கொட்டினாலோ, வலி இடது தோளுக்கோ தாடைக்கோ பரவினாலோ, வாய்வு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வந்து 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. வரிசையில் கழிகிற நேரமும் அந்தப் பத்தில் சேர்ந்ததுதான்.

வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறி வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். கூட வந்தவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?” ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். “காலையில” என்ற பதில் போதாது. பால் காய்ச்சும்போது பேசினார்களா, பேப்பர் வந்தபோது எழுந்து நடந்தார்களா என்று பிடித்துக் கேட்டு, மணியை எழுதுங்கள்.

படி 2: பெயரை அவர் வாயால் சொல்ல வையுங்கள்

“நீங்க பாண்டியம்மாதானே?” என்று கேட்கவே கூடாது. காது மந்தமானவர், பயத்தில் இருப்பவர், அவசரத்தில் இருப்பவர் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். “அம்மா, உங்க பேரு என்னங்க? வீட்டுக்காரர் பேரு?” என்று கேளுங்கள். எந்த இடத்திலும் பெயரோடு இன்னொரு அடையாளமும் பொருந்த வேண்டும். ஓபி எண் அல்லது பிறந்த தேதி வைத்துக்கொள்ளலாம். ‘படுக்கை எண் 4’ அடையாளம் ஆகாது. மதியத்துக்குள் ஆள் மாறியிருப்பார்.

இனிஷியலில்தான் அதிகம் சறுக்கும். ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல் இருக்கும், பழைய ஃபைலில் அப்பா இனிஷியல் இருக்கும். செ., சு., ச. மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தாகிவிடும். கம்ப்யூட்டரில் லட்சுமியை ஒருவர் ‘எக்ஸ்’ போட்டு அடிப்பார், ஒருவர் ‘கேஎஸ்’ போடுவார், இன்னொருவர் உச்சரிப்பு கேட்டு ‘லெச்சுமி’ என்று அடிப்பார். பழைய பதிவு கிடைக்கவில்லை என்று அவசரப்பட்டுப் புது எண் போட்டால், ஒரே நோயாளிக்கு மூன்று ஃபைல் உருவாகும். பழைய பென்சிலின் ஒவ்வாமைக் குறிப்பு மூன்றாவதில் தூங்கும். அதனால் முதலில் போன் நம்பரை வைத்துத் தேடுங்கள், பிறகு ஊர், பிறகு பெயரின் முதல் நாலு எழுத்து. அப்படியும் கிடைக்காவிட்டால்தான் புது எண்.

போன் நம்பர் பல சமயம் மகனுடையதாக இருக்கும். யாருடையது என்று பக்கத்திலேயே குறியுங்கள். பரிசோதனை முடிவைப் போனில் கேட்டால், நோயாளி தவிர வேறு யாரிடமும் டாக்டர் அனுமதியில்லாமல் சொல்ல வேண்டாம், மகனாகவே இருந்தாலும்.

வயது ‘அம்பது இருக்கும்’ என்றால் ஆதாரைப் பாருங்கள். ஜனவரி 1 என்று இருந்தால் பெரும்பாலும் அது தோராயம்தான். குழந்தைக்கு மட்டும் தோராயம் கூடாது. மருந்து அளவு எடையை வைத்துக் கணக்கிடப்படும் என்பதால் வயதோடு எடையையும் கிலோ, கிராமில் எழுதுங்கள்.

படி 3: பிரஷர்

மாட்டுத்தாவணியில் பஸ் இறங்கி வேகமாக நடந்து வந்தவருக்கு உடனே பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும். 5 நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், பாதம் தரையில், கால்மேல் கால் வேண்டாம். காபியோ பீடியோ அரை மணிக்குள் ஆகியிருந்தால் அதையும் எழுதுங்கள். கை மேசைமேல், கையில் சுற்றும் பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கயிறு கட்டியது போலாகி அளவைக் கெடுக்கும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் அளவு கூடும். அளக்கும்போது பேச்சு கொடுக்காதீர்கள். 130, 140, 150 என்று முழு எண்ணாக்காமல் கருவி காட்டியதை அப்படியே எழுதுங்கள்.

படி 4: ரத்த மாதிரிக் குழாய்

இதை மட்டும் மனப்பாடமாக்கிக்கொள்ளுங்கள்: லேபிள், ரத்தம் எடுத்த பிறகு, நோயாளி முன்னாலேயே ஒட்ட வேண்டும். காலையிலேயே இருபது குழாய்க்கு ஒட்டி அடுக்கி வைப்பது வேலையைச் சுளுவாக்குவது போலத் தெரியும். ஒருவர் டீ குடிக்க எழுந்து போனால் வரிசை முழுக்க ஒரு ஆள் தள்ளிப்போய்விடும்.

ஊதா மூடி ரத்த அணுக்கள் எண்ண, சாம்பல் மூடி சர்க்கரைக்கு. ஊதாக் குழாயை ரத்தம் ஏறியவுடன் மெதுவாக 8 தடவை தலைகீழாக்கி நிமிர்த்துங்கள். குலுக்கினால் அணுக்கள் உடையும், ஆட்டாமல் விட்டால் சின்னக் கட்டி விழுந்து தட்டணுக்கள் (பிளேட்லெட்) அதில் சிக்கிக்கொள்ளும். ரிப்போர்ட்டில் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து வரும். டெங்கு சீசனில் அந்த ஒரு எண்ணைப் பார்த்துக் குடும்பமே நடுங்கிப்போகும்.

வெறும் வயிறு என்றால் தண்ணீர் தவிர எதுவும் இல்லாமல் 8 மணி நேரம். “வெறும் காபிதான் குடிச்சேன்” என்பவரை வேறு நாள் வரச் சொல்லலாம். சாப்பிட்ட பின் எடுக்கும் ரத்தத்துக்கு 2 மணி நேரக் கணக்கு முதல் வாய் இட்லியிலிருந்து ஆரம்பம்.

படி 5: காப்பீட்டு அட்டை

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டு வருமான வரம்பு ரூ. 1,20,000. அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றிலும் பெயரும் வயதும் ஒத்துப்போகின்றனவா என்று உள்நோயாளி சேர்க்கைக்கு முன்பே பாருங்கள். சாதாரணக் காய்ச்சல் ஓபிக்கு இது செல்லாது என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அட்டை இருந்தும் பணம் கேட்கிறார்களே என்று பதறுபவர்களே அதிகம்.

மறுபடி வரவேண்டிய தேதி போடும்போது காலண்டரைப் பாருங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தேதி கொடுத்தால் ஆள் வந்து சேர முடியாது. தையில் ஜல்லிக்கட்டு: பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அந்த வாரமே வேண்டாம்.

படி 6: கடை அடைக்கும் முன்

ஊசியை மூடி போட்டு மறுபடி மூடக் கூடாது. பல சமயம் குத்துப்படுவது அப்படித்தான். ஊசி, பிளேடு வெள்ளைப் பெட்டியில், குளுக்கோஸ் குழாயும் கையுறையும் சிவப்பில், ரத்தம் நனைந்த பஞ்சு மஞ்சளில், கண்ணாடி மருந்துக்குப்பி நீலத்தில். குத்திவிட்டால் பிதுக்காதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவி, அந்த நிமிடமே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரை 2 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்லது, 72 மணி தாண்டினால் பயனில்லை. திட்டு விழுமோ என்று மறைத்து வைக்கிற விஷயமில்லை இது.

கடைசியாக, தடுப்பூசி ஃபிரிட்ஜின் வெப்பமானியைப் பார்த்து, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.