வேறொருவரைத் தேடி உங்கள் கைத்தொலைபேசிக்கு வரும் அழைப்புகள்

கனடாவில் இறங்கிய முதல் வாரத்திலேயே நாம் ஒரு சிம் அட்டை வாங்கிவிடுகிறோம். ரொறன்ரோவில் 416, 647, 437 என்று தொடங்கும் அந்த இலக்கம் நமக்குத்தான் புதியது. பல வேளைகளில் அது வேறொருவர் ஆண்டுக்கணக்கில் பாவித்துக் கைவிட்ட இலக்கமாக இருக்கும். தொலைபேசி நிறுவனங்கள் அப்படிக் கைவிடப்பட்ட இலக்கத்தைச் சில காலம் சும்மா வைத்திருந்துவிட்டு இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகின்றன. முன்பு வைத்திருந்தவர் கடனட்டைக் கணக்கைக் கட்டாமல் விட்டிருந்தால், அந்தக் கடனை அறவிடும் கலெக்சன் ஏஜென்சிகள் அவரைத் தேடி உங்களை அழைக்கும்.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதிக்கு வந்த புதிதில், முன்பின் அறியாத ஒரு பெண்மணியின் பெயரைச் சொல்லி நாள்தோறும் அழைப்பு வந்தது. நானும் மரியாதையாக, "அவர் இங்கே இல்லை" என்று ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பிழையான பதில் என்பது ஒரு மாதம் கழித்தே புரிந்தது. "இங்கே இல்லை" என்றால், அவரை எனக்குத் தெரியும், சற்று வெளியே போயிருக்கிறார், பிறகு அழைத்தால் கிடைப்பார் என்றுதானே மறுமுனையில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்? சொல்ல வேண்டியது வேறு: அந்தப் பெயரில் யாரையும் எனக்குத் தெரியாது, இந்த இலக்கம் இப்போது என்னுடையது, உங்கள் கோப்பிலிருந்து இதை நீக்கிவிடுங்கள். அழைத்தவரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் கேட்டு, திகதியோடு ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரையோ, பிறந்த திகதியையோ, வீட்டு முகவரியையோ சொல்ல வேண்டியதில்லை. "நீங்கள் அவரில்லை என்பதை உறுதிசெய்வதற்காக" என்று கேட்டாலும் சமூகக் காப்புறுதி இலக்கத்தை, அதாவது நாம் சின் நம்பர் என்று சொல்லும் ஒன்பது இலக்க எண்ணை, ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்குச் சட்டம் இருக்கிறது. தேடப்படும் ஆள் நீங்கள் அல்ல என்று தெரிவித்த பிறகு, நீங்கள்தான் அந்த ஆள் என்பதை உறுதிசெய்துகொள்ள நியாயமான முயற்சி எதுவும் எடுக்காமல் கலெக்சன் ஏஜென்சி உங்களைத் தொடர்ந்து அழைக்கக் கூடாது. உண்மையான கடனாளியைக்கூட ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் 1 மணிக்கும் 5 மணிக்கும் இடையிலும், மற்ற நாட்களில் காலை 7 மணியிலிருந்து இரவு 9 மணி வரையிலும்தான் அழைக்கலாம். அரச விடுமுறை நாட்களில் அழைக்கவே கூடாது. மீறினால் மாகாண அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிடம் முறையிடலாம். கொப்பியில் குறித்து வைத்தது அப்போது உதவும். கடன் கொடுத்த வங்கியே நேரடியாக அழைத்தால் இந்த ஏஜென்சி விதிகள் அதற்குப் பொருந்தா என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொருவரின் கடன் தொலைபேசி இலக்கத்தோடு சேர்ந்து உங்கள் தலையில் ஏறுவதில்லை. உங்கள் விசாவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. தந்தையின் பெயரையே நாம் கடைசிப் பெயராக எழுதுவதால், சிவகுமார் என்பது ஒருவருக்குச் சொந்தப் பெயராகவும் இன்னொருவருக்குக் கடைசிப் பெயராகவும் நிற்கிறது. ரொறன்ரோ போன்ற நகரத்தில் முதற்பெயர், கடைசிப் பெயர் இரண்டுமே ஒத்த பலர் இருப்பது வியப்பில்லை. ஆகவே அழைப்பவர் உங்கள் பெயரையே சொன்னாலும் தேடுவது உங்களைத்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தொலைபேசியில் எதையும் ஒப்புக்கொள்ளாமல், விபரத்தை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு, ஒவ்வொருவரின் கடன் விபரங்களையும் பதிந்து வைக்கும் ஈக்விஃபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் ஆகிய இரண்டு நிறுவனங்களிடமும் உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகப் பெற்று, நீங்கள் திறக்காத கணக்கு ஏதாவது அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த நிறுவனத்திடமே திருத்தம் கோரலாம். அழைப்பைவிடப் பெரிய தொல்லை அதுதான், ஏனெனில் வீடு வாடகைக்கு எடுக்கும்போது உரிமையாளர் கேட்பது அந்த அறிக்கையைத்தான்.

மருத்துவரின் அலுவலகமோ பிள்ளையின் பள்ளிக்கூடமோ பழைய ஆளைத் தேடி அழைத்தால், ஒருமுறை பொறுமையாக இலக்கம் மாறிவிட்டது என்று சொல்லிவிடுவதே நியாயம். குரலஞ்சலில் ஒருவரின் நோய் பற்றிய விபரம் வந்து கிடந்தால் அதை அழித்துவிடுங்கள். ஆனால், "குறுஞ்செய்தியில் எனக்கு வரவேண்டிய உறுதிப்படுத்தும் குறியீடு தவறுதலாக உங்கள் இலக்கத்துக்கு வந்துவிட்டது, கொஞ்சம் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால், அங்கே இரக்கம் காட்டாதீர்கள். பெரும்பாலும் அது உங்கள் வாட்ஸ்அப் கணக்கையே பறிப்பதற்கான குறியீடாக இருக்கும். வருமான வரி முகமையிலிருந்து பேசுவதாகச் சொல்லி, உடனே கைதுசெய்வோம் என்று மிரட்டிப் பரிசு அட்டைகளில் பணம் கேட்பவர் ஏமாற்றுக்காரர்தான். அந்த முகமை அப்படிக் கேட்பதில்லை.

"டூ நொட் கோல்", அதாவது "அழைக்காதீர்கள்" என்னும் பட்டியலில் பதிந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று உறவினர்கள் சொல்வார்கள். 2008 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் தேசியப் பட்டியலில் பதிவது இலவசம், நல்லதும்கூட. ஆனால் அது பொருள் விற்க அழைப்பவர்களுக்கானது. கடன் அறவிடுபவர்களை அது கட்டுப்படுத்தாது.

எனவே புது இலக்கத்தை முதல் இரண்டு வாரங்களுக்கு வங்கிக்கும் வேலைத்தலத்துக்கும் கொடுக்காமல், முடிந்தால் சோதித்துப் பாருங்கள். தொல்லை மிகுதியாக இருந்தால் வேறு இலக்கம் கேட்டு வாங்குவது அந்தக் கட்டத்தில் மிக எளிது. பல மாதங்கள் கழித்து மாற்றுவதாக இருந்தால், வங்கி, வேலைத்தலம், மருத்துவர், பள்ளிக்கூடம் என்று பழைய இலக்கம் பதிவான இடங்களையெல்லாம் முதலில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் இலக்கத்தை மாற்றுவதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது. பழைய சிம் வேலை செய்யும்போதே அதையும் செய்து முடித்துவிடுங்கள்.