வேளாங்கண்ணி நடைபயணம்: முதல் நாளில் காலைக் காப்பாற்றுங்கள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் சென்னை ராயபுரத்திலும் காசிமேட்டிலும் காவி உடை தைக்கக் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். 29ஆம் தேதி வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றத்துக்குள் 300 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டுமே!

முதல் முறை போகிறவர்கள் முதல் நாளே வேகம் காட்டுவார்கள். நானும் காட்டினேன். மாமல்லபுரம் வருவதற்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். புதுக் காலணிதான் காரணம். எண்ணூர் கடற்கரைச் சாலையில் ஒரு மாதமாவது போட்டு நடந்து பழகியதையே அணியுங்கள். விரலிடுக்கில் வாசலின் தடவி, பருத்திக் காலுறை போடுங்கள். வியர்வையில் நனைந்தால் உடனே மாற்றுங்கள். ஓரிடத்தில் எரிச்சல் தெரிந்ததுமே நின்று பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். கூட்டம் முன்னே போனால் போகட்டும். கொப்புளம் வந்துவிட்டால் ஊசியால் குத்தாதீர்கள்.

நேர்த்திக்கடனுக்கு வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு ஒன்று: சாலையோர வெள்ளைக் கோடு தாரைவிடச் சூடு குறைவு. ஆனாலும் அதிகாலை 3 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் நிழலில் ஒதுங்கிவிடுவதே நல்லது. மீதியை மாலையில் பார்த்துக்கொள்ளலாம். இருட்டில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். உடையில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. வழியில் கிடைக்கும் உப்பு மோரும் நல்லதுதான். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரைக் கரைசல், வெறுங்கால் இரண்டையும் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வலி தெரியாவிட்டாலும் இரவில் உள்ளங்காலை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.